‘உனக்கு ஒத்தாசை’ன்னு சொல்லாதீங்க!



உங்களில் பாதிப் பேராவது கொடைக்கானலுக்கு டூர் வந்திருப்பீங்க. ஏரியில் படகு, தூண் பாறை, கோக்கர்ஸ் வாக், கையில் ஒரு பாக்கெட் ஹோம்மேட் சாக்லெட். “அடேயப்பா, என்னமா குளுகுளுன்னு இருக்கு! இங்கேயே இருந்துடலாம் போல” என்று சொல்லிவிட்டு மறுநாள் கீழே இறங்கிவிடுவீர்கள். தப்பே இல்லை. நானும் வத்தலக்குண்டு வெயிலில் பிறந்து வளர்ந்தவள்தான். பத்தாவது முடித்து, வீட்டில் கொஞ்ச நாள் இருந்து, பத்தொன்பது வயசில் வில்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டபோது என் சிநேகிதிகள் எல்லாம் “உனக்கென்னடி, தினமும் ஏ.சி.தான்” என்று கேலி செய்தார்கள். பதினாறு வருஷம் ஆச்சு. அந்த ஏ.சி.க்கு யார் கரண்ட் பில் கட்டுறாங்கன்னு இப்பதான் சொல்ல வர்றேன்.

எங்க ஊர் கொடைக்கானலிலிருந்து கொஞ்ச தூரம்தான். சரிவு முழுக்கப் படிப்படியாகத் தோட்டம். கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், முட்டைகோஸ், பூண்டு. அங்கங்கே பேரி மரம், பிளம்ஸ் மரம். எங்களுக்கு வீட்டை ஒட்டி ஒரு துண்டு நிலமும், ஓடைப் பக்கம் ஒரு துண்டும் இருக்கு. ஓட்டு வீடு, பின்னால் தகரம் போட்ட சமையல் கட்டு, ஒரு மாட்டுத் தொழுவம். மாமனார், மாமியார், நாங்க ரெண்டு பேர், ஒரு பையன், ஒரு பொண்ணு.

கீழே இருக்கிறவங்களுக்கு ஐப்பசின்னா தீபாவளி. எங்களுக்கு ஐப்பசின்னா கெடு. புரட்டாசி பாதியிலிருந்தே மனசு கணக்குப் போட ஆரம்பிச்சிடும். வடகிழக்கு மழை இறங்குறதுக்குள்ள இவ்வளவு வேலை, மழை விட்டுப் பனி விழுறதுக்குள்ள இவ்வளவு வேலை. மழை நின்னு வானம் பளிச்சென்று வெளுத்துவிட்டால் எல்லாருக்கும் சந்தோஷம், எங்களுக்கு மட்டும் வயிற்றில் புளி கரைக்கும். மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி, ராத்திரி சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும். மேகம் இல்லாத ராத்திரியில்தான் உறைபனி விழும். விடிஞ்சு பார்த்தால் புல் மேல் உப்பைத் தூவின மாதிரி வெள்ளையாக இருக்கும். குளிர்ந்த காத்து கனம் ஜாஸ்தி, தண்ணி மாதிரி பள்ளத்தைத் தேடித்தான் ஓடும். அதனால் மேட்டுத் தோட்டம் தப்பிக்கும், ஓடைப் பக்கத் தோட்டம் கருகும். கேரட் கொஞ்சம் தாங்கும். பீன்ஸும் உருளைக்கிழங்கும் ஒரே ராத்திரியில் வெந்நீர் ஊத்தின மாதிரி தொங்கிப் போகும்.

சரி, என்னென்ன வேலைன்னு கேளுங்க. முதலில் விறகு. எங்களுக்கு கேஸ் அடுப்பு இருக்கு. ஆனால் கேஸ் சோறு வேக வைக்கும், வீட்டைச் சூடு பண்ணாது. மார்கழி, தை ரெண்டு மாசமும் விறகு அடுப்பு அணையக் கூடாது. 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் என்று அறிவிச்சதுக்கப்புறம் காட்டுப் பக்கம் போய் விறகு பொறுக்குறது முன்ன மாதிரி இல்லை. அது நியாயம்தான், காடு இருந்தாத்தான் ஊத்து இருக்கும். அதனால் தனியார் தோட்டத்தில் விழுந்த வாட்டில் மரம், தைல மரக் கிளை, பேரி மரத்தைக் கழிச்ச குச்சி என்று சிறுகச் சிறுகச் சேர்க்கணும். சேர்த்ததைப் பிளந்து, வெயிலில் காயப் போட்டு, மழைக்கு முன்னால் தாழ்வாரத்தில் ஏத்தி அடுக்கணும். அடியில் கல்லோ கட்டையோ போட்டுத் தரையிலிருந்து தூக்கி அடுக்காவிட்டால் அடி வரிசை முழுக்க ஊறிப் போகும். இது ஒரு நாள் வேலை இல்லை, ஒரு மாச வேலை.

அப்புறம் கூரை. ஓடு நகர்ந்திருக்கா, தகரத்தில் ஆணி கழண்டிருக்கா என்று பார்க்கணும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வந்தபோது கடற்கரை ஊர்களைத்தான் எல்லாரும் பேசினாங்க. மலையிலும் மரங்கள் சாய்ஞ்சு, ரோடு மறிஞ்சு, கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அன்னிக்கு ராத்திரி எங்க தகரம் அடிச்ச சத்தம் இன்னும் காதில் இருக்கு. அதிலிருந்து தகரத்து மேல் கல் ஏத்தி வைக்காமல் நான் தூங்குறதில்லை. புகைபோக்கியில் ஒரு வருஷத்துக் கரி படிஞ்சு கிடக்கும், அதைக் குச்சியில் சாக்கைச் சுத்தித் தட்டி எடுக்கணும். வாய்க்காலில் மண்ணும் இலையும் அடைச்சிருக்கும், வாரணும். அடைச்ச வாய்க்கால் கல் சுவரைத் தள்ளிடும், சுவர் போனால் ஒரு படி மண்ணே போச்சு.

கம்பளி, ஸ்வெட்டரை எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்து வெயில் காட்டணும். வெயில் இருக்கிற நாளே எண்ணி ரெண்டோ மூணோ. அன்னிக்குன்னு பார்த்து வீட்டுக்கு விருந்தாளி வருவாங்க! விதைக் கிழங்கைப் பொறுக்கி இருட்டறையில் பரப்பணும். மாட்டுத் தொழுவத்துச் சந்துகளில் சாக்கு அடிக்கணும். வேலியை இறுக்கணும், இல்லாவிட்டால் காட்டு மாடு நேராகத் தோட்டத்துக்குள் நுழைஞ்சு நிக்கும். நாத்தங்கால் மூடக் காய்ஞ்ச புல்லும் பழைய சாக்கும் சேர்த்து வைக்கணும். மாமனாருக்கு இளைப்பு உண்டு, அவருக்குச் சுக்கு, மிளகு, கருப்பட்டி கீழேயிருந்து வாங்கி வந்து வைக்கணும்.

பூண்டைத் தனியாகச் சொல்லியாகணும். எங்க மலைப் பூண்டு பத்தி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. அதுக்காக விண்ணப்பம் போட்டு முன்னே நின்னது எங்களுக்குப் பக்கத்தில் அட்டுவம்பட்டியில் இருக்கிற அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். பெண்கள் பல்கலைக்கழகம் என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை, நான் அதன் வாசல்படிகூட மிதிச்சதில்லை என்றாலும். பூண்டு வருஷத்துக்கு ரெண்டு போகம், வைகாசி வாக்கில் ஒண்ணு, கார்த்திகை வாக்கில் ஒண்ணு. முன் போகத்துப் பூண்டைக் கத்தை கட்டி அடுப்புக்கு மேலே பரணில் தொங்க விடுவோம். புகை பட்டுப் பட்டு மாசக் கணக்கில் கெடாமல் இருக்கும். அதில் நல்ல பல்லை எடுத்துத்தான் கார்த்திகை நடவு. பல்லைப் பிரிக்கிறது, பொறுக்குறது, ஊன்றுவது எல்லாம் பொம்பளைங்க கை. பூண்டை விக்கும்போது மட்டும் “அவர் பூண்டு” ஆயிடும். அதை விடுங்க.

இவ்வளவையும் பதினைந்து வருஷமாக நானும் என் மாமியாரும் செய்தோம். அத்தைக்கு முழங்கால் போனதிலிருந்து நான் மட்டும். எங்க வீட்டுக்காரரைக் குறை சொல்லிப் பழக்கமில்லை. குடி கிடையாது, கைநீட்டமாட்டார். காலையில் ஆறு மணிக்குத் தோட்டத்தில் இறங்கினால் இருட்டும் வரை வேலை. கேரட் மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு லாரி நிக்கிற ரோடு வரை ஏறுவதைப் பார்த்தால் எனக்கே வயிறு கலங்கும். ஆனால் அவர் கணக்கில் தோட்டம் வேலை, வீடு வேலை இல்லை. வீடு தானாகவே நடக்கும். விறகு தானாகத் தாழ்வாரத்தில் ஏறிக்கும், கம்பளி தானாக வெயில் காய்ஞ்சு கட்டிலுக்கு வந்துடும். யாராவது “வீட்ல என்ன பண்றாங்க?” என்று கேட்டால், “சும்மாதான் இருக்கு” என்பார். கெட்ட எண்ணத்தில் சொல்றதில்லை. அது இன்னும் கஷ்டம், சண்டை போடக்கூட முடியாது பாருங்க.

போன வருஷம் புரட்டாசி முடிகிற நேரத்தில் எங்க அம்மா வத்தலக்குண்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சுட்டுது. ஆபரேஷன். என்னைத் தவிர யாரும் இல்லை. ஐப்பசி முழுக்கவும் கார்த்திகையில் பாதியும் நான் அங்கேதான் இருந்தேன். தினமும் ராத்திரி போன் பண்ணுவேன்.

“ஏங்க, விறகை ஏத்திட்டீங்களா?”

“ஏத்திக்கலாம்.”

“புகைபோக்கி?”

“நீ உங்கம்மாவைப் பாரு. இங்க நான் பாத்துக்குறேன்.”

மனுஷன் அன்பாகத்தான் சொன்னார். நானும் நம்பினேன்.

கார்த்திகைக் கடைசியில் வீட்டுக்கு வந்து பார்த்தால், விறகுக் குவியல் முற்றத்தில் நான் விட்டுட்டுப் போன இடத்திலேயே ஒரு தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிக்குது. அடியெல்லாம் ஊறி, காளான் பூத்திருக்கு. சமையல் கட்டில் ரெண்டு இடத்தில் ஒழுகல், கீழே குண்டான் வெச்சிருக்காங்க. ஜன்னல் கண்ணாடி ஒண்ணு உடைஞ்சு, அட்டையை வெச்சு அடைச்சிருக்கு. கம்பளி பெட்டிக்குள்ளேயே புழுங்கி நாறுது. புகைபோக்கியைப் பத்திப் பேச்சே இல்லை. பூண்டுப் பரணில் பாதி காலி, அது எப்படிப் போச்சுன்னு இன்னிவரைக்கும் துப்பு துலங்கலை!

அவர் சோம்பேறியா? இல்லவே இல்லை. அந்த ஒன்றரை மாசமும் தோட்டத்தில் களையெடுத்து, மருந்தடிச்சு, மாட்டையும் பாத்துக்கிட்டு, அரை வயிறு சாப்பிட்டுக்கொண்டு கிடந்திருக்கார். வீட்டு வேலை என்று ஒண்ணு இருக்கிறதே அவர் கண்ணுக்குத் தெரியலை. நான் போனில் கேட்டபோதெல்லாம் பொம்பளைங்க சும்மா கவலைப்படுறாங்கன்னு நினைச்சிருக்கார்.

மார்கழி பிறந்து ஒரு வாரம் இருக்கும். மழை விட்டு வானம் கண்ணாடி மாதிரி ஆச்சு. அன்னிக்குச் சாயங்காலமே காது மடல் வலிச்சது. ஈர விறகை அடுப்பில் வெச்சா எரியுமா? ஊதி ஊதி எனக்கு மூச்சு முட்டினதுதான் மிச்சம். அடைச்ச புகைபோக்கியில் புகை மேலே போகாமல் வீடு முழுக்கச் சுத்திச்சு. மாமாவுக்கு இளைப்பு ஜாஸ்தியாச்சு. அடுப்படிக்குப் பக்கத்து அறையில்தான் அவர் படுக்கை, நல்ல விறகு எரிஞ்சா சுவரே இதமாக இருக்கும். அன்னிக்குச் சுவர் ஐஸ் கட்டி.

அத்தைதான் சொன்னாங்க: “கணப்புச் சட்டில கரியைப் போட்டு அவர் ரூம்ல வைம்மா. கரின்னா புகை வராது.” நானும் சரின்னு நினைச்சேன். இரும்புச் சட்டியில் கரியைப் போட்டு, வெளியே வெச்சுப் பத்தவிட்டு, நல்லா செவசெவன்னு கனன்றதும் நானே தூக்கிக்கொண்டு போய் அவர் கட்டில் பக்கத்தில் வெச்சேன். கதவைச் சாத்தினேன். ஜன்னல் சந்தில் பழைய சேலையைச் சுருட்டி அடைச்சேன். தாத்தாவுக்குத் துணைக்கு என் பொண்ணு அதே அறையில் பாயில் படுத்துக்கிட்டா. பதினோரு வயசு. ரூம் எவ்வளவு கதகதப்பா இருந்துச்சுன்னு எனக்கே பொறாமை வந்துச்சு.

ராத்திரி ஒண்ணரை மணி இருக்கும். “அம்மா, தலை வலிக்குது” என்று ஒரு சத்தம். கனவு மாதிரி கேட்டுச்சு. மறுபடியும், “அம்மா, என்னால எந்திரிக்க முடியலை.” ஓடிப் போய்க் கதவைத் திறந்தா, பொண்ணு கதவுக்குப் பக்கத்தில் தவழ்ந்து வந்து கிடக்கா, வாந்தி எடுத்திருக்கா. மாமாவைக் கூப்பிட்டா பதில் இல்லை. அறையில் புகையே இல்லை, சகோதரிகளே. ஒரு நாத்தம்கூட இல்லை. கரி மட்டும் அழகா சிவப்பா இருக்கு.

இவர் மாமாவைக் கட்டிலோடு இழுத்து வெளியே போட்டார். நான் பொண்ணைத் தூக்கினேன். அந்த உறைபனியில் முற்றத்தில் போட்டு முகத்தில் தண்ணி தெளிச்சோம். பக்கத்து வீட்டு ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரெண்டு பேருக்கும் மாஸ்க் மாட்டி ஆக்ஸிஜன் வெச்சாங்க. பொண்ணு விடியுறதுக்குள்ள தெளிஞ்சிட்டா. மாமாவுக்கு மறுநாள் மத்தியானம் ஆச்சு.

அங்கே டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிடுறேன், யாருக்காவது உதவும். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு வருமாம். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது. அதனால் ஆபத்துன்னு உடம்புக்கே தெரியாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துக்கும். முதலில் தலைவலி, தலைசுத்தல், வாந்தி, அப்புறம் தூக்கம் மாதிரி மயக்கம். தூங்குறவங்க அப்படியே போயிடுவாங்க. விறகுப் புகைன்னா இருமி எழுந்துடுவோம், கரிக்கு அந்த எச்சரிக்கை இல்லை. “ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சா போதுமா டாக்டர்?” என்று கேட்டேன். “படுக்கிற அறைக்குள்ள அதைக் கொண்டு போகவே போகாதீங்க” என்றார்.

இத்தனைக்கும் 2024-ல் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த ரெண்டு இளைஞர்கள், அறைக்குள்ளே கரி அடுப்பை வெச்சுத் தூங்கி இறந்து போன செய்தியைப் பேப்பரில் படிச்சவள்தான் நான். “ஐயோ பாவம், யார் பெத்த பிள்ளைகளோ, விவரம் தெரியாத பசங்க” என்று உச்சுக் கொட்டினேன். விவரம் தெரிஞ்ச நான் என்ன பண்ணேன்?

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது இவர் சொன்னார்: “தப்பு பண்ணிட்டேன் புள்ள. நீ இல்லாதப்ப உன் வேலையை நான் பார்த்திருக்கணும்.” அழுகிற மனுஷன் இல்லை, அன்னிக்கு அழுதார். எனக்கும் மனசு இளகிப் போச்சு. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் கழிச்சுதான் அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை முள் மாதிரி குத்த ஆரம்பிச்சது. ‘உன் வேலை.’

யோசிச்சுப் பாருங்க. நனைஞ்ச விறகால் இருமினது அவங்க அப்பா. கணப்பில் மயங்கினது அவர் பொண்ணு. ஒழுகினது அவர் தாத்தா கட்டின வீடு. இதில் என் வேலை எங்கே வந்துச்சு? நான் ஊரில் இல்லாதபோது என் வேலையை அவர் பார்க்கலை என்பது இல்லை விஷயம். அவர் வீட்டு வேலையை அவர் பார்க்கலை, அதுதான் விஷயம். இதை நான் சொன்னபோது அத்தைக்குக் கோபம். “ஆம்பளை அடுப்புக்கரியைத் தட்டிக்கிட்டு இருந்தா ஊர் என்ன சொல்லும்?” என்றாங்க. அத்தையை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனா அன்னிக்குச் சொன்னேன்: “ஊர் ஆஸ்பத்திரிக்கு ஜீப் குடுத்துச்சு அத்தை. அதுக்கு மேல ஊரால என்ன பண்ண முடியும்?” அத்தை எதுவும் பேசலை. சாயங்காலம் காபி போட்டுக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தாங்க. எங்க வீட்டில் அதுக்கு அர்த்தம் உண்டு.

இது என் வீட்டுக் கதை மட்டும்தானான்னு ஒரு சந்தேகம் வந்து பேப்பரில் வர்ற விஷயங்களைக் கவனிக்க ஆரம்பிச்சேன். 2019-ல் மத்திய அரசு, யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவு பண்றாங்கன்னு நாடு முழுக்கக் கணக்கெடுத்திருக்கு. சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். அதுவும் எப்படி? வீட்டு வேலையில் கை வெச்சவங்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி இது. அன்னிக்கு வீட்டு வேலையில் கை வெச்ச ஆண்கள் நூத்துக்கு 26 பேர்தான், பெண்கள் 81 பேர். 299 நிமிஷம்னா அஞ்சு மணி நேரம். என்னை யாரும் கணக்கெடுக்க வரலை. ஐப்பசி மாசத்தில் வந்திருந்தா அவங்க கடிகாரமே கெட்டுப் போயிருக்கும்!

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது ஞாபகம் இருக்கா? வெளிநாட்டில் சம்பாதிச்ச கணவருக்கும் இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கிட்ட மனைவிக்கும் சொத்துத் தகராறு. சம்பாதிச்சது ஒருத்தர் என்றாலும் வீட்டைக் கவனிச்சுக்கிட்டதால்தான் அந்தச் சம்பாத்தியம் முடிஞ்சது, அதனால் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று நீதிபதி சொன்னார். மனைவி சமையல்காரி, வைத்தியர், கணக்குப் பார்ப்பவர் எல்லாம்தான் என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தார். அதே வருஷம் செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத் தொகை மாசம் ஆயிரம் ரூபாய் என்று அரசு ஆரம்பிச்சபோதும், பெண்கள் வீட்டில் செய்யும் சம்பளமில்லாத உழைப்புக்கு அங்கீகாரம் என்றுதான் சொன்னாங்க. அதுக்குப் பேரும் ‘உரிமைத் தொகை’, உதவித் தொகை இல்லை. ஒரு வார்த்தை மாறினா எவ்வளவு மாறுது பாருங்க. கோர்ட்டுக்கும் கவர்ன்மென்ட்டுக்கும் புரிஞ்சது எங்க வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர இன்னும் நாளாகும் போல.

சில சகோதரிகள் கோபப்படலாம். “பாவம், ஆம்பளைங்க வெளியில உழைச்சுட்டு வர்றாங்க, வீட்லயும் அவங்களையே போட்டு வாட்டுறதா?” என்று. நானும் அப்படி நினைச்சவள்தான். ஆனா எங்க ஊர்ப் பக்கம் வெளியில் உழைக்காத பொம்பளை யாரு? பூண்டு ஊன்றுறது நாங்க, கேரட் கழுவுறது நாங்க, களை எடுக்குறது நாங்க. கூலி வேலைக்குப் போனாலும் அதே வெயில், அதே மழை, ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி. வேலை முடிஞ்சு வந்தா அவங்களுக்குத் திண்ணை, எங்களுக்கு அடுப்பு. எல்லாத்தையும் சரிபாதியாகத் தராசில் நிறுத்துங்கன்னு நான் கேக்கலை. மூட்டை தூக்க என்னால் முடியாது, மாவு புளிக்க வைக்க அவரால் முடியாது. (இந்தக் குளிரில் இட்லி மாவைக் கம்பளியில் சுத்தி அடுப்படியில் குழந்தை மாதிரி படுக்க வெச்சாத்தான் பொங்கும், அது ஒரு தனிக் கலை.) நான் கேக்கிறது, வேலை கண்ணுக்குத் தெரியணும். நான் வீட்டில் இல்லைன்னா வேலையும் இல்லைன்னு ஆகிடக் கூடாது.

ஒரு விஷயத்தை மறைச்சா நான் பாதி உண்மை சொன்னவளாவேன். போன மாசம் சுள்ளி பொறுக்க ஆரம்பிச்சேன். என் பொண்ணைக் கூப்பிட்டேன், அவளும் கூடையை எடுத்துக்கிட்டு வந்தா. பதினாலு வயசுப் பையன் திண்ணையில் செல்போனைப் பார்த்துக்கிட்டு இருந்தான். நான் அவனைத் தாண்டிப் போய்த்தான் அவளைக் கூப்பிட்டிருக்கேன். அவனைக் கூப்பிடணும்னு எனக்குத் தோணவே இல்லை! பொண்ணுதான் கேட்டா, “ஏம்மா, அண்ணனுக்குக் குளிராதா?” சுருக்கென்றது. புருஷனுக்கு நியாயம் பேசுற நான் இன்னொரு வீட்டுக்கு இன்னொரு புருஷனைத் தயார் பண்ணிக்கிட்டு இருக்கேன். அவனை எழுப்பி விட்டேன். முணுமுணுத்துக்கிட்டே வந்தான். ரெண்டாம் நாள் கோடரியைப் பிடிக்கக் கத்துக்கிட்டான், மூணாம் நாள் “இது என் அடுக்கு, யாரும் கலைக்காதீங்க” என்றான். அவன் அடுக்கு கொஞ்சம் கோணல்தான், நான் ஒண்ணும் சொல்லலை. இங்கே நாமும் ஒரு தப்பு பண்றோம், சகோதரிகளே. அவங்க செஞ்சது நமக்குத் திருப்தியில்லைன்னு பிடுங்கி நாமே செஞ்சுடுறோம். அப்புறம் எப்படிப் பழகும்?

இந்த வருஷம் எங்க வீட்டுக்காரர் அவராகவே ஏணியை எடுத்தார். புகைபோக்கியைத் தட்டினார், தலையெல்லாம் கரி, பார்க்கக் கூத்தில் வேஷம் கட்டின மாதிரி. ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டியாச்சு. தகரத்துக்கு ஆணி அடிச்சாச்சு. கணப்புச் சட்டியைத் தொழுவத்தில் கோழிக்குத் தண்ணி வைக்கிற பாத்திரமாக்கியாச்சு. எல்லாம் முடிச்சு இறங்கி வந்து, ரொம்பப் பெருமையா, “பாரு, இந்தத் தடவை உனக்கு எவ்வளவு ஒத்தாசை பண்ணிட்டேன்!” என்றார்.

நான் சிரிச்சேன். அப்புறம் கேட்டேன்: “எனக்கா பண்ணீங்க? இந்த வீட்ல நீங்க குடியில்லையா?”

முதலில் முகம் சுண்டிப் போச்சு. “செஞ்சாலும் குத்தமா?” என்றார். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கு, நான் இல்லைன்னு சொல்லலை. ஏணியை விட்டு இறங்கின நிமிஷமே கேட்டிருக்க வேண்டாமோ என்றும் தோணுச்சு. ஆனா பதினாறு வருஷமா நான் ஏணியில் ஏறினப்போ “உங்களுக்கு ஒத்தாசை பண்ணிட்டேன்” என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே. சொல்லியிருந்தா அவர் சிரிச்சிருப்பார் இல்லையா?

ரெண்டு நாள் சரியாகப் பேசலை. மூணாம் நாள் காலையில் டீ குடிச்சுக்கிட்டே, யாரையும் பார்க்காமல், “நம்ம கம்பளியை எல்லாம் எப்ப வெயில் காட்டணும்?” என்று கேட்டார். ‘நம்ம’ என்று சொன்னதை அவர் கவனிச்சாரோ இல்லையோ, நான் கவனிச்சேன். அத்தையும் கவனிச்சாங்க, டம்ளரை வாயிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தாங்க.

உங்க வீட்டில் எந்தச் சொல் நடக்குது? கீழ்நாட்டில் உங்களுக்கு உறைபனி இல்லாமல் இருக்கலாம். ஆனா ஐப்பசி மழைக்கு மொட்டை மாடி வடிகாலைக் குத்திவிடுறது யாரு, கோடைக்கு வத்தல் போடுறது யாரு, பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கிறது யாரு, அதைச் செஞ்சா யாருக்கு யார் ஒத்தாசை? எழுதுங்க. படிச்சுத் தெரிஞ்சுக்க ஆசையாக இருக்கு.

இதை எழுதிக்கிட்டிருக்கும்போதே மேற்கே கறுத்துக்கிட்டு வருது. கம்பளி ஆறும் வேலி மேல கிடக்கு. பையன் ஸ்கூலிலிருந்து இன்னும் வரலை, இவர் ஓடைப் பக்கத் தோட்டத்தில் இருக்கார். இங்கேயிருந்து கூப்பிட்டாக் கேட்கும். கூப்பிடுறேன்.

- வாசகி, வில்பட்டி, கொடைக்கானல்.